பூவாயி ஒருத்தி குறைய

தாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் துணியை உச்சந்தலைக்குக் கொண்டுபோய், ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள் கருப்பம்மா. முடிச்சு நழுவியது. இராசையாவின் வாய் மறுபடியும் திறந்துகொண்டது. உயிரோடு இருந்தபோதும் அந்த வாய் லேசில் மூடியதில்லை. செத்த பிறகாவது சொன்ன பேச்சைக் கேட்கக் கூடாதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

“இறுக்கிக் கட்டு தங்கச்சி. வெறச்சுப் போச்சுன்னா அப்புறம் மூடாது,” என்றான் வாசலில் நின்ற வடிவேல்.

“இந்த வாய இருவத்திரெண்டு வருசத்துக்கு முந்தியே கட்டியிருக்கணும்ணே.”

 எந்த நாளைச் சொல்கிறாள் என்று வடிவேலுக்குத் தெரியும். அதற்கும் ஏழெட்டு வருஷம் முந்தி மன்னார்க் கரையில் இறங்கி அவர்களோடு ஒன்றாக நடந்து வந்தவன் அவன். காலையில் ஆட்களை எழுப்பிப் பெரட்டு என்கிற ஆள்கணக்குக்குக் கூப்பிடத் தப்பு அடிப்பது அவன் வேலை. நெற்றியில் எப்போதும் திருநீறு இருக்கும். இராசையா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தபோதும் அவன் சேரவில்லை, சிநேகத்தையும் விடவில்லை.

கட்டுத் துணி இராசையாவின் கோயில் வேட்டியிலிருந்து கிழித்தது. பதுளை இப்றாஹீம் கடையில் வாங்கிய நல்ல வெள்ளைத் துணி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உடுத்துவான். இரண்டாவது முடிச்சு நின்றது. கருப்பம்மா பின்னால் சரிந்து உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது நேற்று முளைத்ததல்ல, இந்த மலையில் காப்பியைப் பிடுங்கித் தேயிலை நட்ட காலத்திலிருந்து வேர்விட்டது.

நேற்று மத்தியானம் நெஞ்சுச் சளி தொண்டையில் கரகரக்க, அவன் கண்ணை மூடிக்கொண்டே முனகினான். கஞ்சிக் கிண்ணத்தோடு குனிந்து கேட்டாள். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். அதே பாட்டு. முதல் அடி வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதும் இழுத்து இழுத்து வந்தது. நாலாவது அடிக்கு வாயை மூடிக்கொண்டான். அவள் காத்திருந்தாள். அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான், மறுபடி மூடினான். இன்று விடிகிறபோது, பெரட்டுத் தப்புக்குக் கொஞ்சம் முன்னால், அடங்கிவிட்டான். நாலாவது அடியில் நின்றது மூச்சா மனசா என்று இனிமேல் யாரைப் போய்க் கேட்பது?

பூவாயி அவர்களுடைய மூத்த பிள்ளை. மூன்று வயது. தோணியிலிருந்து இறங்கியதும் கங்காணி அறுபத்திரண்டு பேரைக் காட்டுப் பாதையில் நடத்திக்கொண்டு போனான். ஆறாம் நாள் பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. எட்டாம் நாள், தம்புள்ளைக்கு இன்னும் இரண்டு நாள் நடை இருக்கும்போது, அப்பன் தோளிலேயே குளிர்ந்துபோனது. “நின்னா எல்லாருக்கும் ஒட்டிக்கும், நடங்க நடங்க” என்றான் கங்காணி. குழி தோண்ட மண்வெட்டி இல்லை. பாதையோரத்துப் பாலை மரத்தடியில் கிடத்தி, சருகைப் போட்டு, மேலே கல்லைப் புரட்டி வைத்தார்கள். நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆளுமில்லை, நேரமுமில்லை.

கருப்பம்மா அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வெட்டிப் போட்டாலும் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். கங்காணி பிரம்பை ஓங்கினான். இராசையா அவளைத் தூக்கி நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, காலுக்குக் கால் பாட ஆரம்பித்தான்.

*எட்டு வச்சு நடந்து வந்தோம், எண்ணி நடந்தோம்*
*கட்டுச்சோறு தீர்ந்த பின்னும் காடு நடந்தோம்*
*மட்டில்லாத தூரம் தாண்டி மலையும் நடந்தோம்*
*பூவாயி ஒருத்தி குறைய வந்து சேர்ந்தோம்*

இன்னும் வந்து சேரவே இல்லை. மலையைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அதற்குள் வந்து சேர்ந்தோம் என்று பாடுகிறாயே என்று பின்னால் வந்த வடிவேல் கேட்டான். அப்படிப் பாடினால்தான் கால் நம்பும் என்றான் இராசையா. நம்பித்தான் நடந்தது கால். அந்த நாலாவது அடிக்கு ஒரு தடவை பிள்ளையின் பெயர் காதில் விழும் என்பதற்காகவே கருப்பம்மா மற்ற மூன்று அடியையும் நடந்தாள்.

வந்த பிறகும் பாட்டு நிற்கவில்லை. காப்பி மூட்டை தூக்குகிறவன் பாடினான், விறகு சுமக்கிறவள் பாடினாள். மேட்டில் ஏறுகிறவனுக்கு எங்கே மூச்சு வாங்குமோ அங்கே அடி முடியும். சுமையோடு பாடினாலும் நெஞ்சு அடைக்காது. அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. செய்தவனே சுமந்துகொண்டு நடந்தவன்தானே.

அவர்கள் வந்து ஆறு வருஷம் போனபோதுதான் செல்வநாயகம் உபதேசியார் இந்தத் தோட்டத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், அப்போது சின்ன வயது. மறு வருஷம் ஒரு நாள் காப்பி ஸ்டோர் வாசலில் நின்று பாட்டைக் கேட்டவர் அசையாமல் நின்றுவிட்டார். மறுநாள் காகிதமும் பென்சிலும் கொண்டுவந்தார். சபையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத இராசையா, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பாடிக்காட்டினான். ஆறு மாதம் கழித்து அது பாட்டுப் புத்தகத்தில் அச்சாகி வந்தது. ‘எண்ணி நடந்தோம்’ என்பது ‘இயேசு நடத்த’ என்று ஆகியிருந்தது. ‘காடு நடந்தோம்’ ‘கர்த்தர் நடத்த’ என்று ஆகியிருந்தது. அதெல்லாம் போகட்டும். நாலாவது அடி ‘ஒருவர்கூடக் குறையாமல் வந்து சேர்ந்தோம்’ என்று ஆகியிருந்தது. மேலே உபதேசியார் பெயர் போட்டிருந்தது. இராசையாவுக்கு வாசிக்கத் தெரியாது. புத்தகத்தை மோந்து பார்த்துவிட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்த அடியைக் கேட்டதும் கருப்பம்மா வாயை மூடினாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பாட்டுக்கு மட்டும் அவள் வாய் திறந்ததில்லை. புருஷன் தொண்டை கிழிய, முகமெல்லாம் பூரிக்க, ஒருவர்கூடக் குறையாமல் என்று பாடுவதைப் பார்த்துக்கொண்டு பெண்கள் பக்கத்தில் கல்லாக உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்து கேட்டால், “பாட்டு நாலு தோட்டத்துக்கு நடக்குதுல்ல புள்ள, விடேன்” என்பான். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள்.

பத்து மணிக்கு உபதேசியார் குடையோடு வந்தார். இராசையாவின் நெற்றியில் கைவைத்து உதடு துடிக்க ஜெபம் பண்ணினார். பொய்யழுகை இல்லை. காய்ச்சல் வந்த வருஷம் கூலிக்காரர் குடியிருக்கும் லயம் லயமாகக் கஞ்சி வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போனவர் அவர், கூட வாளியின் மறுபக்கத்தைப் பிடித்தவன் இராசையா.

“மார்த்தாள்,” என்றார். ஞானஸ்நானத்தில் அவர் வைத்த பெயர் அது. அவரைத் தவிர யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. “நீர் மனத்தைத் தேற்றிக்கொள்ளும். பின்னேரம் மூண்டு மணிக்கு எடுப்பம். கொஸ்லந்தையில இருக்கிற மகள் வந்து சேர நாளைக்கு ஆகும் எண்டு சொல்லுகினம், அவ்வளவுக்கு வச்சிருக்க ஏலாது. குழியடியில அவற்ற பாட்டையே பாடுவம். ஊவாவில எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அந்தப் பாட்டுத்தான். பதுளையில ஆர்மோனியம் வச்சுப் பாடுகினம். அவருக்கு அதைவிட வேற என்ன மரியாதை வேணும்?”

“பாடுங்கய்யா. ஆனா நாலாவது அடிய அவரு மொதல்ல பாடுனாரே, அந்த மாதிரி பாடணும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஞாபகம் இருந்தது.

“அது அச்சில இல்லை, மார்த்தாள்.”

“அச்சுல இல்லைங்க. ரோட்டுல இருந்துச்சு.”

“ஞானஸ்நானம் பெறாத பிள்ளை. நீங்கள் வேதத்துக்கு வரமுன்னமே செத்த பிள்ளை. துதிப் பாட்டில அந்தப் பேரைப் போட ஏலாது எண்டு அண்டைக்கே இராசையாவுக்கு விளங்கப்படுத்தினனான். அவரும் ஓம் எண்டவர்.”

“அவரு ஓம்னாரு. என்னய யாரு கேட்டா?”

வாசலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். உபதேசியார் குரலைத் தாழ்த்தினார்.

“ஒருவர்கூடக் குறையாமல் எண்டது இந்த ரோட்டைப் பற்றினதில்லை. மோட்சத்தைப் பற்றினது. அங்க ஒருத்தரும் குறையமாட்டினம். அந்த நம்பிக்கையாலதான் சனம் இந்தப் பாட்டை இவ்வளவு விரும்புது.”

“மோச்சத்துக்குப் போனா அங்க அப்புடிப் பாடிக்கிறேங்க. இப்ப லயத்துலதான இருக்கேன்.” கருப்பம்மா எழுந்து நின்றாள். “அந்த வார்த்தைய நீங்க எங்க புடிச்சீங்கன்னு எனக்குத் தெரியாது. நான் அத மொதல்ல எங்க கேட்டேன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. அறுவத்திரெண்டு பேரு பொறப்பட்டோம். வழியில பதினோரு பேரு போயிட்டாங்க. கொழந்தைங்கள எண்ணுனா அதுக்கும் மேல. மாத்தளையில சும்மா நின்ன ஆளுகள இழுத்துச் சேத்து, கங்காணி எண்ணிக்கையச் சரிக்கட்டுனான். இங்க வந்ததும் தொரை பங்களா வாசல்ல எங்கள வரிசையா நிறுத்துனாங்க. தொரை கேட்டாரு. கங்காணி தொப்பியக் கழட்டிக்கிட்டுச் சொன்னான், ‘ஒருத்தர்கூட கொறயலங்க தொரை’ன்னு. நான் அந்த வரிசையில நிக்கிறேன். என் இடுப்புல புள்ள இல்ல. கொறயலங்கிறான்.”

உபதேசியார் கண்ணாடியைப் போட மறந்து கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அது கங்காணி சொன்ன சொல்லுங்கய்யா. அத இவரு வாயாலயே ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கேட்டேன்.”

 கூரைத் தகரத்தில் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“இது எனக்குத் தெரியாது,” என்றார் உபதேசியார். நிஜமாகவே தெரியாது என்பது முகத்திலேயே இருந்தது. இளகிவிடுவார் போல ஒரு கணம் தோன்றியது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எண்டாலும் ஒரு ஆளின்ர துக்கத்துக்காகச் சபையின்ர பாட்டை மாத்த எனக்கு அதிகாரமில்லை. பாதிரியார் கேட்டால் நான் என்ன சொல்லுறது? புத்தகத்தில இல்லாததைக் குழியடியில பாடினால் நான் புத்தகத்தை மூடிப்போட்டு இறங்கிப் போயிடுவன். பாட்டு முடிஞ்சுதான் அடக்க ஜெபம். பிறகு அதைச் சொல்ல ஆளிருக்காது. யோசிச்சுப் பாரும். இராசையாவுக்கு அது எவ்வளவு பெரிசு எண்டு உமக்குத் தெரியும்.”

தெரியும். அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? பெற்ற மகளை ஒரு வார்த்தையில்லாமல் கல்லால் மூடிவிட்டு வந்தவன் அவன். தன்னையாவது நாலு வார்த்தை சொல்லிப் புதைக்கிற இடம் என்றுதான் வேதத்தில் சேர்ந்தான். கல்லறை மேட்டைச் சனிக்கிழமைதோறும் அவனே கூட்டுவான். “எனக்கும் இங்கதான், மண்ணுக்கு மண்ணுன்னு சொல்லி” என்று சிரித்துக்கொண்டே ஓர் இடத்தைக் காட்டுவான். உபதேசியார் சரியான இடம் பார்த்துத்தான் அடித்திருந்தார். நல்ல மனிதர் அடித்தால் வலி அதிகம்.

அவர் குடையை விரித்துக்கொண்டு போன பிறகு வடிவேல் உள்ளே வந்து குந்தினான்.

“விட்ரு தங்கச்சி. அவன் ஆசப்பட்ட மாதிரிப் போகட்டும். பொதைக்கிறப்ப வம்பு வேணாம்.”

“நீயும் விடேன்கிறியா? இவரும் அதத்தான சொன்னாரு.”

“செத்தவன் ஆச பெருசில்லையா?”

“ரெண்டு பேரு செத்துருக்காங்கண்ணே,” என்றாள் கருப்பம்மா.

பெட்டி வந்தது. தேயிலைப் பெட்டிக்கு வைத்திருந்த பலகையில் ஸ்டோர் ஆசாரி அடித்துக் கொடுத்தது. கிறிஸ்தவச் சாவுக்குத் தப்பு கூடாது என்பது உபதேசியார் போட்ட சட்டம். ஆகவே வடிவேல் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடிக்காமல், பத்து எட்டுப் பின்னால் நடந்தான். ஏன் எடுத்து வந்தாய் என்று யாரோ கேட்டதற்கு, வீட்டில் வைத்துவிட்டு வர மனசில்லை என்றான்.

மேட்டில் ஏறும்போதே கோளாறு தெரிந்தது. எந்தச் சாவிலும் முன்னால் நடந்து பாட்டெடுக்கிறவன் இராசையாதான். அவன் குரலுக்குத்தான் சுமக்கிறவர்களின் கால்கள் ஒன்றாக விழும். இன்று அவன் பெட்டிக்குள் கிடந்தான். உபதேசியாருக்கு மேட்டில் ஏறினால் இளைப்பு. நாலு பேரும் நாலு விதமாக எட்டுப் போட, ஈரமண்ணில் பெட்டி இப்படியும் அப்படியும் ஆடியது. கருப்பம்மா பக்கத்தில் நடந்துகொண்டே பலகையில் கையை ஊன்றிப் பிடித்தாள். பயமாக இருந்தது அவளுக்கு. அவனுடைய கடைசி ஆசையைத் தன் கையாலேயே உடைக்கப் போகிறோமோ என்ற பயம். குழியடி வரைக்கும் அவள் எதையும் முடிவு பண்ணியிருக்கவில்லை.

குழியடியில் வழக்கப்படி கட்டுகளை அவிழ்த்தார்கள். கால்கட்டை ஒருவர் அவிழ்த்தார். வாய்க்கட்டை அவள் அவிழ்த்தாள். துணியை எடுத்ததும் இராசையாவின் வாய் மெல்லத் திறந்தது. நேற்று மத்தியானம் நாலாவது அடிக்கு மூடிய வாய். கருப்பம்மா துணியைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். மூடியைப் போட்டு ஆணி அறைந்தார்கள்.

சபையில் எழுத்துத் தெரிந்தவர்கள் உபதேசியாரையும் சேர்த்து மூன்று பேர். அதனால் பாட்டு என்றால் அடி கொடுத்துத்தான் பாட வேண்டும். அவர் புத்தகத்தைப் பார்த்து ஓர் அடியைச் சொல்வார், இராசையா அதை ராகம் போட்டு உரக்கக் கொடுப்பான், சபை அதையே திருப்பிப் பாடும். கொடுத்ததைத் திருப்புவதுதான் வழக்கம், யோசிப்பது வழக்கமில்லை. ஒரு மார்கழிக் குளிரில் அடிக்கு நடுவே உபதேசியார் “கதவைச் சாத்துங்கோ” என்றார். இராசையா சளைக்காமல் அதற்கும் ராகம் போட்டுக் கொடுத்தான். நாற்பது பேரும் பக்தியோடு கதவைச் சாத்துங்கோ என்று பாடி முடித்தார்கள். ஒருவரும் எழுந்து போய்ச் சாத்தவில்லை.

அதே நாற்பது பேர் இன்று தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தூறலில் நின்றார்கள். மூங்கில் வேலிக்கு வெளியே வடிவேலும் இன்னும் சில சாமி கும்பிடுகிறவர்களும் நின்றார்கள்.

“எட்டு வைத்து நடந்து வந்தோம், இயேசு நடத்த,” என்று உபதேசியார் அடி கொடுத்தார்.

ராகம் போட ஆளில்லை. சபை தட்டுத் தடுமாறித் திருப்பியது.

“கட்டுச்சோறு தீர்ந்த பின்னும், கர்த்தர் நடத்த.”

இந்த முறை பாட்டு காலைப் பிடித்துக்கொண்டது. நின்ற இடத்திலேயே உடம்புகள் ஆடத் தொடங்கின. எத்தனை பேர் எத்தனை மேடு ஏறிய பாட்டு அது. கருப்பம்மாவின் பாதமும் அசைந்தது. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. பாலை மரத்தடியிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்த பாட்டு. இதை அவள் வெறுத்ததே கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக இதற்காக ஏங்கிக்கொண்டுதான் வாயை மூடியிருந்தாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“மட்டில்லாத தூரம் தாண்டி மலையும் நடந்தோம்.”

சபை பாடி முடித்தது. நாலாவது அடிக்கு உபதேசியார் மூச்சு வாங்கினார்.

“பூவாயி ஒருத்தி குறைய வந்து சேர்ந்தோம்!”

கருப்பம்மாவுக்குத் தனியாகப் பாட வரும் என்பதே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. துருப்பிடித்த குரல். ஆனால் ராகம் நூல் பிசகவில்லை. கொடுத்ததைத் திருப்பியே பழகிய நாற்பது வாயும் மேட்டைத் தூக்கிவிடுகிற மாதிரித் திருப்பிப் பாடின.

பூவாயி ஒருத்தி குறைய வந்து சேர்ந்தோம்.

பாடி முடித்த பிறகுதான் என்ன பாடினோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“இல்லை, இல்லை,” என்று உபதேசியார் கையை உயர்த்தினார். “ஒருவர்கூடக் குறையாமல் வந்து சேர்ந்தோம். அதைப் பாடுங்கோ.”

இரண்டு மூன்று பேர் ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் வராததால் அவர்களும் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். கருப்பம்மா அவரை நேராகப் பார்த்தாள். கைக்குள் இருந்த துணியை இறுக்கிக்கொண்டு மறுபடியும் அதே அடியைக் கொடுத்தாள். இந்தத் தடவை தெரியாமல் பாட முடியாது. யார் பாடுகிறார்கள், யார் குனிந்துகொள்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஒரு பத்துப் பேர் பாடினார்கள். அந்தப் பத்தும் போதும் என்று அவளுக்கு இருந்தது.

அப்போது வேலிக்கு வெளியிலிருந்து ஒரு கரகரத்த குரல் எழுந்தது.

“முத்தன் ஒருத்தன் குறைய வந்து சேர்ந்தோம்!”

வடிவேலின் தம்பி முத்தன். அதே நடையில், பதினெட்டு வயதில் நாலந்தைப் பக்கத்துக் காட்டில் விடப்பட்டவன். இத்தனை வருஷத்தில் வடிவேல் அந்தப் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கொடுத்த அடி எங்கிருந்து வந்தால் என்ன, சபை திருப்பிப் பாடியது. அது அடங்குவதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, “எங்காத்தா வெள்ளச்சி குறைய” என்று எடுத்தாள். அதையும் திருப்பினார்கள். பெட்டி சுமந்தவர்களில் ஒருவன் அண்ணன் பெயரைச் சொன்னான். பிறகு, யாரோடும் அதிகம் பேசாத ஒரு கிழவி, சாக்கை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, “பேரு வெக்காத புள்ள ஒண்ணு குறைய” என்று மெல்லிய குரலில் கொடுத்தாள். அதைத்தான் எல்லோரும் உரக்கப் பாடினார்கள்.

உபதேசியார் புத்தகத்தை மூடினார். சொன்னதைச் செய்கிற மனிதர். மூடிய புத்தகத்தை அங்கிக்குள் வைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி நடந்தார். பாட்டு தானாக அடங்கியது. எல்லோரும் கருப்பம்மாவைப் பார்த்தார்கள். பெட்டி இன்னும் குழியின் விளிம்பில் கயிற்றோடு இருந்தது.

“எறக்குங்க,” என்றாள்.

“ஜெபம்?” என்றான் ஒருவன்.

“பரமண்டல ஜெபம் எல்லாருக்கும் தெரியுமில்ல? அதுக்குப் புஸ்தகம் வேணாம். எறக்குங்க.”

இறக்கினார்கள். ஜெபத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள், எல்லோரும் திருப்பினார்கள். பிறகு குனிந்து ஈரமண்ணில் ஒரு பிடி எடுத்தாள். மண்ணுக்கு மண் என்று ஆரம்பிக்கிற ஜெபம் அவளுக்குத் தெரியாது. அந்த முதல் இரண்டு வார்த்தை மட்டும் தெரியும். இராசையா சிரித்துச் சிரித்துச் சொன்னது. அதை மட்டும் சொல்லி மண்ணைப் போட்டாள். தேயிலைப் பலகையில் மண் விழுந்த சத்தம் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. நின்றபடியே, முகத்தை மூடாமல் அழுதாள்.

உபதேசியார் வேலியைத் தாண்டிப் போகவில்லை என்றும், படலுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு, மண்ணை மூடி முடிக்கிற வரைக்கும் நின்றார் என்றும், உதடு அசைந்த மாதிரி இருந்தது என்றும் வடிவேல் பிறகு சொன்னான். கருப்பம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கொஸ்லந்தையிலிருந்து மகள் வந்து சேர்ந்தாள். வழியிலேயே நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருந்தார்கள். அப்பனுக்காக அழுது ஓய்ந்த பிறகு, “யாரும்மா பூவாயி?” என்று கேட்டாள்.

“ஒனக்கு அக்கா,” என்றாள் கருப்பம்மா. முப்பது வருஷம் ஆகப்போகிற ஒரு விஷயத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று சாயங்காலம் உபதேசியாரிடமிருந்து சொல் வந்தது. பண்டாரவளையிலிருந்து பாதிரியார் வந்து விசாரிக்கிற வரைக்கும் மார்த்தாள் கோயிலுக்கு வர வேண்டாம். சொல்ல வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“சரின்னு சொல்லுங்க. பாதிரி ஐயா கேட்டா அவருக்கும் பாடிக் காட்டுறேன்னு சொல்லுங்க.”

மூன்றாம் நாள் விடிகாலையில் வடிவேல் பெரட்டுத் தப்பு அடித்தான். இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமே என்று மகள் சொன்னதைக் காதில் வாங்காமல் கருப்பம்மா கூடையை எடுத்தாள். கூடைக் கயிறு தலையில் உறுத்தாமல் இருக்க மடித்து வைக்கிற பழந்துணி கிழிந்து கந்தலாயிருந்தது. அதை எறிந்துவிட்டு, இராசையாவின் வாய்க்கட்டுத் துணியை நாலாக மடித்து உச்சியில் வைத்து, அதன்மேல் கயிற்றை ஏற்றினாள்.

மேல்மலைக்கு ஏறுகிற பாதை செங்குத்து. பெண்கள் வரிசையாக ஏறினார்கள். பனி இன்னும் விலகவில்லை, முன்னால் போகிறவளின் கூடை மட்டும்தான் தெரிந்தது. பாதி மேட்டில் யாரோ பாட்டை எடுத்தார்கள். முதல் அடி வந்தது. வேதக்காரி இயேசு நடத்த என்றாள், சாமி கும்பிடுகிறவள் எண்ணி நடந்தோம் என்றாள். இரண்டும் ஒரே எட்டில் விழுந்தன. இரண்டாவது அடி வந்தது. மூன்றாவது வந்தது.

அதோடு வரிசை பாடுவதை நிறுத்தியது. கால்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன. வரிசையில் இருந்த கூடைகளெல்லாம் காத்திருந்தன.

கருப்பம்மா கையை உயர்த்திக் கயிற்றைச் சற்று மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, மூச்சை இழுத்தாள்.